மணமுறிவுக்குப் பிறகு கனடா ஓய்வூதிய வரவுகளைப் பிரித்துப் பெறுவது எப்படி?

கனடாவில் மணமுறிவு பெறும் நம்மவர் குடும்பங்களில் வீடு, நகை, வங்கிக் கணக்கு, பிள்ளைகள் யாரோடு இருப்பது என்பவற்றைப் பற்றி மாதக்கணக்கில் பேச்சு நடக்கிறது. ஆனால் சேர்ந்து வாழ்ந்த காலம் முழுவதும் இருவருடைய சம்பளத்திலிருந்தும் கழிக்கப்பட்டு, அரசின் ஏட்டில் பதிவாகியிருக்கும் ஓய்வூதிய வரவுகளைப் பற்றி அநேகமாக எவரும் வாய் திறப்பதில்லை. சம்பளச் சீட்டில் சி.பி.பி. என்ற வரியில் கழிபடும் பணமே அது. முழுப் பெயர் கனடா ஓய்வூதியத் திட்டம். மணமுறிவு பெற்ற கணவனும் மனைவியும் சேர்ந்து வாழ்ந்த ஆண்டுகளுக்குரிய வரவுகளைச் சமமாகப் பிரித்துக்கொள்ள 1978ஆம் ஆண்டிலிருந்து சட்டம் வழி செய்திருக்கிறது. இத்திட்டத்துக்கான விண்ணப்பங்களைக் கவனிக்கும் கூட்டாட்சி அரசின் சேர்விஸ் கனடா அலுவலகத்தில் இதனைக் ‘கிரெடிற் ஸ்பிளிற்’ என்பார்கள். இக்கட்டுரையில் வரவுப் பிரிப்பு என்று குறிப்பிடுகிறேன்.

ஸ்காபரோவில் மூத்தோருக்குப் படிவங்கள் நிரப்பிக் கொடுப்பதில் சில ஆண்டுகளாக உதவி வருகிறேன். ஒரு சனிக்கிழமை, 63 வயதான அக்கா ஒருவர் பழைய பிஸ்கட் டின் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு வந்து அமர்ந்தார். கொழும்பில் எடுத்த பதிவுத் திருமணச் சான்றிதழ், 2004இல் ஒன்ராறியோ நீதிமன்றம் கொடுத்த மணமுறிவுத் தீர்ப்பு, பிள்ளைகளின் தடுப்பூசி அட்டைகள் என எல்லாமே அதற்குள் மடித்து வைக்கப்பட்டிருந்தன. 60 வயதிலேயே அவர் சி.பி.பி. ஓய்வூதியம் எடுக்கத் தொடங்கியிருந்தார்; வீட்டிலிருந்து பிள்ளைகளை வளர்த்த ஆண்டுகள் அதிகம் என்பதால் கிடைத்த தொகை மிகச் சிறியது. வரவுப் பிரிப்பு என்று ஒன்று உண்டு என்பதே அவருக்குத் தெரியாது. அன்று விண்ணப்பித்தோம், ஓய்வூதியமும் உயர்ந்தது. ஆனால் பிரிப்பு நடந்த மாதத்துக்கு அடுத்த மாதத்திலிருந்துதான் உயர்வு சேரும் என்பதால், கடந்துபோன மூன்று ஆண்டுகளுக்கு ஒரு சதமும் கிடைக்கவில்லை. 2004இலேயே யாராவது ஒருவர் அவருக்குச் சொல்லியிருந்தால் அந்த இழப்பு நேர்ந்திருக்காது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எது பிரிக்கப்படுகிறது?

முன்னாள் கணவருக்கு இப்போது மாதந்தோறும் வரும் ஓய்வூதியத்தில் பாதியை எடுத்துத் தருவார்கள் என்று பலர் எண்ணுகிறார்கள். பிரிக்கப்படுவது பணமன்று, சேர்ந்து வாழ்ந்த ஒவ்வோர் ஆண்டிலும் இருவரும் சி.பி.பி. கட்டிய வருமானத்தின் பதிவே பிரிக்கப்படுகிறது. ஓராண்டில் கணவரின் பெயரில் 52,000 டொலரும் மனைவியின் பெயரில் 12,000 டொலரும் பதிவாகியிருந்தால், கூட்டுத்தொகையான 64,000 இரண்டாகப் பிரிக்கப்பட்டு இருவருக்கும் தலா 32,000 என்று திருத்தி எழுதப்படும். மனைவி அதிகம் உழைத்திருந்தால் கணவருக்கு வரவு கூடும். இருவரும் ஏறக்குறைய ஒரே அளவு உழைத்தவர்களாயின் மாற்றம் மிகச் சிறிதாகவே இருக்கும். ஒருவர் கனடாவில் ஒருநாள்கூடச் சம்பளத்துக்கு வேலை செய்யாதவராக இருந்தாலும், பிரிப்பின் மூலம் அவர் பெயரில் வரவு உண்டாகும். அதைக் கொண்டே அவர் தமக்கென ஓர் ஓய்வூதியம் பெறலாம்.

ஆண்டுகளை எண்ணும் முறையைக் கவனமாகப் படியுங்கள். திருமணம் நடந்த ஆண்டின் ஜனவரி முதல், பிரிந்து வாழத் தொடங்கிய ஆண்டுக்கு முந்திய ஆண்டின் டிசம்பர் வரை கணக்கில் வரும். 1996 மே மாதம் மணமாகி 2012 செப்டம்பரில் பிரிந்தவர்களுக்கு 1996 ஜனவரியிலிருந்து 2011 டிசம்பர் வரையான 16 ஆண்டுகள் பிரிக்கப்படும். நீதிமன்றம் தீர்ப்பளித்த தேதி இந்தக் கணக்குக்குள் வராது. பிரிந்த தேதியே முடிவு செய்கிறது. டிசம்பரில் பிரிந்தவருக்கும் அடுத்த ஜனவரியில் பிரிந்தவருக்கும் இடையே ஓர் ஆண்டு முழுவதும் வேறுபடும். ஒரே வீட்டுக்குள் கணவன் மேல்மாடியிலும் மனைவி நிலக்கீழ் அறையிலுமாகப் பல மாதங்கள் தனித்தனியே வாழ்ந்துவிட்டுப் பிறகு வீடு மாறியவர்கள் நம்மிடையே உண்டு. ஒரே கூரையின் கீழும் பிரிந்து வாழ முடியும் என்பதைக் கனடாவின் மணமுறிவுச் சட்டம் ஏற்கிறது. ஆகவே நீதிமன்றப் பத்திரத்தில் எந்தத் தேதி பிரிந்த தேதியாக எழுதப்பட்டதோ அதே தேதியையே படிவத்திலும் எழுத வேண்டும்.

சில காலப்பகுதிகள் பிரிப்பில் சேரா. இருவரின் கூட்டு வருமானம் 7,000 டொலருக்கு மேற்படாத ஆண்டுகள், ஒருவர் 18 வயதுக்குக் குறைந்திருந்த அல்லது 70 வயதைக் கடந்த காலம், ஒருவர் சி.பி.பி. ஓய்வூதியத்தையோ அதன் உடற்குறைபாட்டுக் கொடுப்பனவையோ பெற்றுக்கொண்டிருந்த மாதங்கள் ஆகியவை விலக்கப்படும்.

இதனால் எவ்வளவு கிடைக்கும் என்பதே எல்லோருடைய முதற் கேள்வி. மேலே சொன்ன உதாரணத்தையே எடுப்போம். கணக்கு எளிதாக இருக்க, 16 ஆண்டுகளும் இன்றைய மதிப்பில் அதே தொகைகள் என்று கொள்வோம். மனைவியின் ஏட்டில் ஆண்டுக்கு 20,000 டொலர் வீதம் 3,20,000 டொலர் கூடுகிறது. சி.பி.பி.யின் அடிப்படைப் பகுதி, 18 வயதிலிருந்து எண்ணப்படும் காலத்தின் சராசரி வருமானத்தில் 25 சதவீதம். 65 வயதில் எடுப்பவருக்கு அந்தக் காலம் 47 ஆண்டுகள்; அதில் வருமானம் மிகக் குறைந்த 17 சதவீத மாதங்களைத் தள்ளிவிட்டால் மிஞ்சுவது ஏறக்குறைய 39 ஆண்டுகள். 3,20,000ஐ 39ஆல் வகுத்து அதில் நான்கிலொரு பங்கை எடுத்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,050 டொலர், அதாவது மாதத்துக்கு ஏறத்தாழ 170 டொலர். 65 வயதிலிருந்து 20 ஆண்டுகள் பெற்றால் நாற்பதாயிரம் டொலருக்கு மேல் ஆகிறது. முப்பது வயதில் இங்கு வந்தவருக்கும் கணக்கு 18 வயதிலிருந்துதான் தொடங்குகிறது என்பதைக் கவனியுங்கள். புலம்பெயர்ந்து வந்தவர்களின் ஓய்வூதியம் சிறுத்துப்போவதற்கு இது முக்கியமான காரணம். எனவே பிரிப்பில் வரும் ஒவ்வோர் ஆண்டும் நமக்கு இரட்டிப்புப் பெறுமதி உடையது.

உங்களுக்கு உரிமை உண்டா?

1987 ஜனவரி 1ஆம் தேதியோ அதன் பின்னரோ மணமுறிவு பெற்றவர்களும், திருமணம் செல்லாது என்று தீர்ப்புப் பெற்றவர்களும், தொடர்ச்சியாகக் குறைந்தது 12 மாதங்கள் சேர்ந்து வாழ்ந்திருந்தால் கோரலாம். இவர்களுக்குக் காலக்கெடு இல்லை. முன்னாள் துணைவரின் சம்மதமோ கையெழுத்தோ தேவையில்லை. நீங்கள் மறுமணம் செய்திருந்தாலும், அவர் மறுமணம் செய்திருந்தாலும் உரிமை மாறாது.

மணமுறிவுக்கு வழக்குப் போடாமல் பிரிந்து மட்டும் வாழ்பவர்கள், பிரிந்து தொடர்ச்சியாக 12 மாதங்கள் ஆனதும் கோரலாம். மணமுறிவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் பிரிந்திருந்த நிலையில் துணைவர் இறந்துவிட்டால், இறந்த நாளிலிருந்து 36 மாதங்களுக்குள் கோரிவிட வேண்டும்.

பதிவுத் திருமணமின்றிச் சேர்ந்து வாழ்ந்த இணையருக்கும் இந்த உரிமை உண்டு. அவர்களும் ஓராண்டு சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். பிரிந்து ஓராண்டு கழிந்திருக்க வேண்டும். ஆனால் பிரிந்த நாளிலிருந்து நான்கு ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அதைத் தாண்டினால் இருவரும் எழுத்தில் சம்மதித்தால் மட்டுமே முடியும், பிரிந்துபோன ஒருவரிடம் அப்படியொரு சம்மதத்தைப் பெறுவது எவ்வளவு கடினம் என்பதைச் சொல்லத் தேவையில்லை. கோயிலில் தாலி கட்டி, ஊரறிய விருந்து வைத்து, பதிவு மட்டும் செய்யாமல் விட்டவர்கள் இந்த இடத்தில் மிகுந்த எச்சரிக்கையோடு இருக்க வேண்டும். அந்தத் திருமணம் சட்டப்படி ஏற்கப்படாவிட்டால் அவர்கள் சேர்ந்து வாழ்ந்த இணையராகவே கருதப்படுவார்கள். நான்கு ஆண்டுக் கெடு அவர்களைக் கட்டுப்படுத்தும்.

கியூபெக்கில் வேலை செய்தவர்களுக்குத் தனித் திட்டம் உண்டு. அதனை நடத்துவது ரெத்ரெத் கெபெக் என்ற மாகாண நிறுவனம். அங்கு வாழ்பவர்கள் அவர்களையே அணுக வேண்டும்.

‘எனக்கு எதுவும் வேண்டாம்’ என்று கையெழுத்து வைத்தவர்கள்

பிஸ்கட் டின்னோடு வந்த அக்கா என்னிடம் தயங்கித் தயங்கிச் சொன்ன முதல் வார்த்தையே இதுதான்: “தம்பி, நான் அவரிட்டை ஒண்டும் வேண்டாம் எண்டு கையெழுத்து வைச்சுக் குடுத்திட்டன்.” சண்டையை எப்படியாவது முடித்தால் போதும் என்ற மனநிலையில், பிரிவு உடன்படிக்கையில் ‘ஒருவர் மற்றவரின் ஓய்வூதியத்தில் எந்த உரிமையும் கோரமாட்டார்’ என்ற வரிக்குக் கீழே ஒப்பமிட்டவர்கள் ஏராளம். பெரும்பாலோர் அத்தோடு எல்லாம் முடிந்தது என்று நம்பிவிடுகிறார்கள்.

ஒன்ராறியோவில் அப்படி முடிவதில்லை. சி.பி.பி. கூட்டாட்சிச் சட்டத்தின் கீழ் வருவது. வரவுப் பிரிப்பைக் கைவிடும் உடன்படிக்கை செல்லுபடியாக வேண்டுமானால், அதை வெளிப்படையாக அனுமதிக்கும் மாகாணச் சட்டம் இருக்க வேண்டும். பிரிட்டிஷ் கொலம்பியா, அல்பேர்ட்டா, சஸ்காச்சுவான், கியூபெக் ஆகிய நான்கு மாகாணங்களில்தான் அத்தகைய சட்டம் இருக்கிறது. அந்த நான்கில் ஒன்றில் ஒப்பமிட்டவர்கள், தங்கள் உடன்படிக்கையில் சி.பி.பி. பற்றிய வாசகம் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதைக் குடும்பச் சட்டம் தெரிந்த சட்டத்தரணி ஒருவரிடம் காட்டிக் கேட்க வேண்டும். ஒன்ராறியோவில் ஒப்பமிட்டவர்கள் அந்த வரியைக் கண்டு பின்வாங்கவே வேண்டாம். உடன்படிக்கையின் பிரதியையும் இணைத்து விண்ணப்பியுங்கள்.

வேலை செய்யும் நிறுவனம் நடத்தும் ஓய்வூதியம் இதிலிருந்து முற்றிலும் வேறானது. அது மாகாணச் சொத்துப் பங்கீட்டுச் சட்டத்தின்படி தீர்க்கப்படுவது. மூத்தோர் ஓய்வூதியம் என்கிற ஓ.ஏ.எஸ். ஒருவர் இங்கு வாழ்ந்த ஆண்டுகளை வைத்து அவரவருக்கே வழங்கப்படுவதால் அதில் பிரிப்பே கிடையாது. இன்னொரு குழப்பமும் உண்டு: சேர்ந்து வாழும் தம்பதியர் வரிச் சுமையைக் குறைக்கத் தங்கள் சி.பி.பி. தொகைகளைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு ஒன்று இருக்கிறது. அது பிரிந்தவர்களுக்கு உரியதன்று. அலுவலகத்தில் பேசும்போது சொல் மாறிவிட்டால் வேறு படிவத்தைக் கையில் தந்துவிடுவார்கள்.

பத்திரங்களைச் சேர்த்தல்

முதலில் சேர்விஸ் கனடாவின் இணையக் கணக்கின் வழியாகவோ தொலைபேசி மூலமாகவோ உங்கள் சி.பி.பி. பங்களிப்பு அறிக்கையைப் பெற்றுக்கொள்ளுங்கள். எந்த ஆண்டில் எவ்வளவு பதிவாகியிருக்கிறது என்பது அதில் வரிவரியாக இருக்கும். பிரிப்பு முடிந்தபின் புதிய அறிக்கையோடு ஒப்பிட்டுப் பார்க்க இது உதவும்.

அடுத்து, திருமணச் சான்றிதழ். அது தமிழிலோ சிங்களத்திலோ இருந்தால் தகுதி பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கில அல்லது பிரெஞ்சு மொழிபெயர்ப்புப் பெற்று, மூலத்தின் பிரதியோடு சேர்த்து வைக்கவும். மணமுறிவுத் தீர்ப்பின் பிரதி வேண்டும்; தொலைந்திருந்தால் தீர்ப்பளித்த நீதிமன்றத்திலேயே கட்டணம் கட்டி மீண்டும் பெறலாம். பிரிந்து வாழ்பவர்களும் பதிவில்லாத இணையர்களும், சேர்ந்து வாழ்ந்ததையும் பிரிந்ததையும் காட்டும் சான்றுகளை, வாடகை ஒப்பந்தம், வரித் தாக்கல், முகவரி மாற்றக் கடிதம் போன்றவற்றைத் தேடி எடுக்க வேண்டும்.

நான் பார்த்தவரை நம்மவர் விண்ணப்பங்கள் தாமதப்படுவதற்குப் பெரிய காரணம் பெயர். திருமணச் சான்றிதழில் பெண்ணின் பெயருக்கு முன்னால் தந்தையின் பெயர் இருக்கும்; இங்கு வந்த பிறகு கணவரின் பெயர் குடும்பப் பெயராகியிருக்கும்; மணமுறிவுக்குப் பின் மறுபடியும் தந்தையின் பெயருக்கு மாறியிருப்பார்கள். இவற்றோடு ஆங்கில எழுத்துக்கூட்டலும் பத்திரத்துக்குப் பத்திரம் வேறுபடும். அந்த அக்காவின் பெயர் நான்கு பத்திரங்களில் நான்கு விதமாக இருந்தது. அவற்றை மேசையில் வரிசையாக வைத்துப் பார்த்தபோது நான்கு பெண்களின் பத்திரங்கள் போலவே தோன்றின. இத்தகைய நிலையில், எல்லாப் பெயர்களும் ஒருவரையே குறிக்கும் என்று சத்தியக் கடதாசி ஒன்றை முடித்து முதலிலேயே இணைத்துவிடுங்கள். அலுவலகம் கேட்கும் வரை காத்திருந்தால் வாரங்கள் வீணாகும்.

முன்னாள் துணைவரின் சமூகக் காப்புறுதி இலக்கத்தையும் தேடுங்கள். பழைய வரித் தாக்கல் பத்திரங்களில் அநேகமாக அது இருக்கும். கிடைக்காவிட்டாலும் அவருடைய முழுப்பெயரையும் பிறந்த தேதியையும் சரியாக எழுதி விண்ணப்பித்துவிடுங்கள். இலக்கம் கிடைக்கவில்லை என்பதற்காக விண்ணப்பத்தை ஆறப்போட வேண்டாம்.

படிவத்தை நிரப்புதல்

வரவுப் பிரிப்புக்குரிய படிவத்தின் இலக்கம் ஐ.எஸ்.பி. 1901. சேர்விஸ் கனடாவின் இணையதளத்திலிருந்து அச்சிட்டு எடுக்கலாம். அருகிலுள்ள சேர்விஸ் கனடா நிலையத்திலும் 1-800-277-9914 என்ற இலவச இலக்கத்திலும் கேட்டுப் பெறலாம். கட்டணம் எதுவும் இல்லை. இதற்கெனப் பணம் கேட்பவர்களிடம் ஏமாறாதீர்கள்.

சேர்ந்து வாழ்ந்த காலத்தைக் கேட்கும் பகுதியில் அவசரப்பட வேண்டாம். கணவர் 1980களில் முதலில் அகதியாக வந்து, மனைவி சில ஆண்டுகள் கழித்து வந்து சேர்ந்த குடும்பங்கள் நம்மில் பல. அந்த இடைவெளியை மறைக்கக் கூடாது. ஒவ்வொருவரும் எப்போது எங்கு இருந்தார்கள், ஏன் தனித்திருக்க நேர்ந்தது என்பவற்றைத் தனித்தாள் ஒன்றில் தெளிவாக எழுதி இணையுங்கள். இடையில் ஒருமுறை பிரிந்து மறுபடியும் சேர்ந்திருந்தால் அந்தத் தேதிகளும் வேண்டும். தேதிகள் நீதிமன்றப் பத்திரங்களோடு முரண்பட்டால் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும்.

படிவத்தையும் இணைப்புகளையும் முழுமையாகப் பிரதி எடுத்து வைத்துக்கொண்டே ஒப்படையுங்கள். தபாலில் அனுப்பலாம் என்றாலும், இயன்றவர்கள் நிலையத்துக்கு நேரில் சென்று கொடுத்து, பெற்றுக்கொண்ட தேதி முத்திரையைத் தங்கள் பிரதியில் வாங்கிக்கொள்வது நல்லது. ஏற்கெனவே ஓய்வூதியம் பெறுபவருக்கு ஒரு மாதத் தாமதமும் ஒரு மாத உயர்வை இழக்கச் செய்யும் என்பதால் இந்த முத்திரை பெறுமதியானது.

முன்னாள் துணைவருக்கும் அறிவித்தல் போகும் என்பதை முன்கூட்டியே அறிந்திருங்கள். அவர் ஓய்வூதியம் பெறுபவராயின் அவருடைய தொகை குறையும். கோபமான தொலைபேசி அழைப்பு வரக்கூடும். அந்த வரவு உங்கள் உழைப்புக்கும் உரியது என்பதைத் தயங்காமல் மனதில் கொள்ளுங்கள். வன்முறைக்கு அஞ்சிப் பிரிந்தவர்கள் விண்ணப்பிக்கும் முன்னரே சமூகச் சட்ட உதவி நிலையம் ஒன்றில் பேசி, முகவரிப் பாதுகாப்புப் பற்றி ஆலோசனை பெறுவது அவசியம். ஒன்ராறியோவில் வருமானம் குறைந்தவர்களுக்கு இந்நிலையங்கள் இலவசமாக உதவுகின்றன.

முடிவு வந்த பிறகு

முடிவு கடிதமாக வரும். அதைப் பழைய பங்களிப்பு அறிக்கையோடு ஆண்டாண்டாக ஒப்பிட்டுப் பாருங்கள். ஏதேனும் ஓர் ஆண்டு விடுபட்டிருந்தாலோ, பிரிந்த தேதி தவறாக எடுக்கப்பட்டிருந்தாலோ, கடிதம் கிடைத்து 90 நாள்களுக்குள் மீள்பரிசீலனை கேட்டு எழுத்தில் விண்ணப்பிக்கலாம். அதிலும் தீராவிட்டால் சமூகப் பாதுகாப்புத் தீர்ப்பாயத்துக்கு மேன்முறையீடு செய்யலாம். அதற்கும் 90 நாள்கள் உண்டு. மிக அரிதாக, இருவரும் பயன் பெறுபவர்களாக இருந்து பிரிப்பினால் இருவருடைய தொகையுமே குறையுமானால், பிரிப்பை நிறுத்தவோ நீக்கவோ சட்டம் இடமளிக்கிறது.

வருமானம் குறைந்த மூத்தோருக்கு ஓ.ஏ.எஸ்.ஸோடு சேர்த்துத் தரப்படும், வருமானத்தை வைத்துக் கணக்கிடப்படும் ஜி.ஐ.எஸ். உதவித்தொகை பெறுபவர்களுக்கு, சி.பி.பி. உயர்ந்ததும் அந்தத் தொகை ஓரளவு குறையலாம். இதை அறிந்துகொண்டு விண்ணப்பிப்பது நல்லது. இதைக் காரணமாகக் கொண்டு சிலர் விண்ணப்பத்தையே கைவிடுகிறார்கள்; அவசரப்பட்டு அப்படிச் செய்ய வேண்டாம், இரண்டு தொகைகளையும் எழுதிக் கூட்டிப் பார்த்த பிறகே முடிவெடுங்கள். சி.பி.பி. வரவு உங்கள் பெயரில் நிலையாக இருப்பது. ஓய்வூதிய வயதை எட்டுமுன் நோய்வாய்ப்பட்டு வேலை செய்ய முடியாமற் போனால், பிரிப்பில் வந்த ஆண்டுகள் உடற்குறைபாட்டுக் கொடுப்பனவுக்குத் தகுதி பெறவும் உதவக்கூடும்.

ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைகளை வளர்ப்பதற்காக வேலையை விட்ட அல்லது குறைத்த மாதங்களைக் கணக்கிலிருந்து நீக்கும் ஏற்பாடு தனியாக இருக்கிறது. வரவுப் பிரிப்புக் கேட்டதனால் அது தானாகச் சேர்ந்துவிடாது. ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்கும்போது பிள்ளைகளின் பெயரையும் பிறந்த தேதியையும் கொடுத்து அதனையும் கேட்க வேண்டும். ஏற்கெனவே ஓய்வூதியம் எடுப்பவர்கள் அப்போது கேட்கத் தவறியிருந்தால் சேர்விஸ் கனடாவை அழைத்து இப்போதாவது கேளுங்கள்.

பிரிப்பு முடிந்ததால் ஓய்வூதியம் தொடங்கிவிடும் என்று காத்திருப்பவர்களையும் சந்தித்திருக்கிறேன். ஓய்வூதியத்துக்குத் தனி விண்ணப்பம் வேண்டும். 60 வயதிலிருந்து எடுக்கலாம். 65க்கு முன் எடுக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் 0.6 சதவீதம் குறையும், 65க்குப் பின் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதத்துக்கும் 70 வயது வரை 0.7 சதவீதம் கூடும். 65 வயதைக் கடந்த பிறகு விண்ணப்பித்தால் பின்னோக்கிக் கிடைப்பது ஓராண்டுக்குட்பட்ட தொகை மட்டுமே. ஆகவே பிரிப்புக் கடிதத்தைப் பத்திரமாக வைத்து, எடுக்க நினைக்கும் மாதத்துக்குச் சில மாதங்கள் முன்னதாகவே ஓய்வூதிய விண்ணப்பத்தை ஒப்படையுங்கள்.